சீட்டுக் கமிட்டியில் காலியான இடம்

எங்கள் கடைத்தெருவில் யாராவது ஏலச்சீட்டு நடத்த வேண்டுமென்றால் ஐந்து பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஐந்து பேரைச் சீட்டுக் கமிட்டி என்போம். சர்க்காரில் பதிந்த கமிட்டி இல்லை. கள்ளக்குறிச்சிக் கடைக்காரர்கள் நாங்களே எங்களுக்காக வைத்துக்கொண்டது. சீட்டு நடத்த வருகிறவனின் நிலம், வீடு, ஜாமீன் ஆள் எல்லாவற்றையும் அவர்கள் விசாரிப்பார்கள். அவர்கள் சரி என்று சொல்லாத சீட்டில் எந்தக் கடைக்காரனும் சேரமாட்டான்.

அந்தக் கமிட்டியில் இரண்டு வருஷம் நானும் இருந்தேன். அது எனக்கு வந்திருக்கவேண்டிய இடம் இல்லை.

எனக்குப் பூட்டு ரிப்பேர் கடை. சாவி தொலைந்தால் புதுச் சாவி போட்டுத் தருவேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வீட்டுக் கஷ்டம் பாதிக் காரணம் என்றால், நாலு பேர் முன்னால் நிற்க வைத்துப் பாடம் படிக்கச் சொல்வார்கள் என்ற பயம் மீதிப் பாதி. வளர்ந்த பிறகும் அது போகவில்லை. கடைக்கு இரண்டு பேர் சேர்ந்து வந்தாலே குனிந்து அரத்தைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்வேன்.

எனக்காகப் பேசுவதற்கு ஒருவன் இருந்தான். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் கொண்டுவந்து எங்கள் தெருவில் கடை வைத்து விற்றுக்கொண்டிருந்தவன். தினமும் பதினொரு மணிக்கு இரண்டு டீயோடு வருவான். யாராவது விலை பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "பாய் சொன்னா சொன்னதுதான். வேணும்னா நாதாங்கி இல்லாம தூங்கு, போ" என்று அனுப்பிவிடுவான். எனக்குப் பெண் பிடித்திருக்கிறது என்பதை என் அம்மாவிடம் சொன்னதுகூட அவன்தான். அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

ஒரு வருஷம், கமிட்டி அனுமதி கொடுத்த சீட்டுக்காரன் ஒருவனே ஓடிப்போனான். விடிகாலையில் ஒரு நீல வேனில் ஏறி மலைப்பக்கம் போனான் என்று கச்சிராயபாளையத்தில் யாரோ சொன்னார்கள். அவனுக்காகக் கமிட்டியில் பரிந்து பேசியிருந்த பெரியவர் வெட்கப்பட்டு விலகிக்கொண்டார். அப்படித்தான் அந்த இடம் காலியானது.

மச்சானிடம் ஒரு நீல வேன் இருந்தது. ஆனால் அந்த வேனின் சாவி, சீட்டுக்காரன் ஓடிப்போன நாளையும் சேர்த்து மூன்று நாள் என் மேசைக்குள் கிடந்தது. இருந்த இரண்டு சாவியில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, மற்றதை என்னிடம் கொடுத்து அதே போல ஒன்று போடச் சொல்லியிருந்தான். வெட்டாத சாவி விழுப்புரத்திலிருந்து வரவேண்டியிருந்ததால் தாமதம். மூன்றாம் நாள் பழைய சாவியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போகும்வரை வேன் அவன் வீட்டு வாசலில் அசையாமல் நின்றது. சாவி என்னிடம் இருந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வாரம் டீயோடு வந்தவன் உட்காரவில்லை.

"இன்னா மச்சான், நான்தான் அவன வண்டியில ஏத்தி வுட்டேன்னு ஊரெல்லாம் பேசிக்கினு இருக்காங்க. சாவிய உங்கிட்ட குடுத்துட்டு நான் டவுன் பஸ்ல அலைஞ்சிக்கினு இருந்தேன். வண்டி தானா மலையேறிச்சாம்."

"பேசிட்டுப் போறாங்க, வுடு."

"எங்க வுடறது? திருக்கோவிலூர்லருந்து எம் பொண்ண பாக்க வந்தாங்களே, அவங்க காதுக்கும் போயிருக்குது. விசாரிச்சிட்டு சொல்றோம்னு போய்ட்டாங்க." கொஞ்ச நேரம் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். "கமிட்டியில அந்த எடத்துக்கு என் பேர எழுதிக் குடுத்துட்டேன்."

"உனக்கு எதுக்கு அந்த வம்பு?"

"எடம் யாருக்கு வேணும்? மூணு தரம் என் பேர கூப்புட்டு ஒருத்தனும் எழுந்திருக்கலன்னா, அந்தப் பேச்சு அதோட செத்துது. எவனாவது எழுந்தா, நீ எழுந்து ஒரு வார்த்த சொல்லு. சாவி எங்கிட்ட இருந்துச்சுன்னு. அவ்ளோதான்."

"அத்தன பேர் முன்னாடியா?"

"பூட்டப் பாத்து சொல்றாப்பல சொல்லு. அதுங்ககிட்ட நல்லா பேசறியே."

சொல்கிறேன் என்றேன்.

எங்கள் கமிட்டிக்கு ஆள் எடுக்க ஒரு முறை உண்டு. கை தூக்கி ஓட்டுப் போட்டால் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் பகையாகிவிடுவார்கள் என்று ஆரம்பத்திலேயே அதைத் தவிர்த்துவிட்டார்கள். தலைவர் ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். யாரும் எழவில்லை என்றால் அந்த ஆள் கமிட்டியில் சேர்ந்தார். யாராவது எழுந்து குறை சொன்னால், பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று தலைவர் மூன்று தரம் கேட்பார். பெயர் வந்த ஆள் தனக்காகத் தானே பேசக் கூடாது. நேரில் அறிந்த வேறொருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். மூன்று தரத்துக்குள் யாரும் எழவில்லை என்றால் குறை நின்றது. அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

கூட்டத்துக்கு முந்தின நாட்களில் கடையில் ஆளில்லாதபோது அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்று நாளும் வண்டிச் சாவி என் மேசைக்குள் இருந்தது. நன்றாகத்தான் வந்தது.

கூட்டம் வெல்ல மண்டியின் மாடியில், மதியம். வந்தவர்கள் ஜாஸ்தி. சீட்டில் போன பணத்தின் கோபம் எல்லோர் முகத்திலும் இருந்தது. மச்சான் வெளுத்த சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். நான் சுவரோரம்.

தலைவர் அவன் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிடுவதற்குள் துணிக்கடைக்காரர் எழுந்தார். கெட்டவர் இல்லை. மகனைப் படிக்க வைக்கச் சேர்த்ததெல்லாம் அந்தச் சீட்டில் போயிருந்தது.

"ஓடிப்போனவன் ஏறினது இவரு வண்டின்னு சொல்றாங்க. அதுக்கு பதில் வந்தா எனக்கு ஒண்ணும் இல்ல."

"பதில் சொல்ல யார் கீறீங்க?" என்று கேட்டார் தலைவர்.

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்தான்கூட. எழுந்துவிடுவேன் என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம்.

எழத்தான் போனேன். கைகளை முழங்காலில் ஊன்றிவிட்டேன். அப்போது நாலைந்து பேர் என் பக்கம் திரும்பினார்கள். ஊன்றிய கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் தரம் கேட்டார். மச்சானின் சிரிப்பு போய்விட்டது. கண்ணால் எழு எழு என்றான். வெறும் கூச்சம்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க உண்மை இல்லை. சாவி என்னிடம் இருந்தது என்று சொன்னால், அப்படியானால் வண்டியை எடுத்துக் கொடுத்தது நீயா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற நினைப்பும் அந்த ஒரு நொடியில் வந்தது. மூன்றாம் தரமும் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"குறை நின்னுது" என்றார் தலைவர்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. தலைவர் சுற்றிப் பார்த்தார்.

"ஜாஸ்தி பேசற ஆள வெச்சித்தான் இவ்ளோ வந்துது. பூட்டுக்கடை பாய் கீறாரே, அவர போட்டா இன்னா?"

"பூட்டும் சாவியும் அவர்கிட்டதான கீது!" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது மச்சான் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

திருக்கோவிலூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இடத்துக்காகத்தான் சிநேகிதனுக்காக எழாமல் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அவனும் அப்படி நினைத்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் கேட்கவே இல்லை. இரண்டு மாதத்துக்குள் வேனை விற்றான், கடையைக் காலி செய்தான், வெள்ளிமலையில் ஒரு சின்ன மளிகைக் கடை போட்டுக்கொண்டான். நான் வெட்டி வைத்த புதுச் சாவி என் கடை ஆணியிலேயே தொங்கியது. பதினொரு மணிக்கு டீக்கடைப் பக்கம் பார்ப்பதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை.

இரண்டாம் வருஷம் ஒருநாள் அந்தச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறினேன். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன். அவன் கடையில் உப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது.

"வாங்க பாய்" என்றான். "உக்காருங்க."

முப்பது வருஷத்தில் அவன் என்னை 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை.

"பொண்ணு?" என்றேன்.

"சேலம் பக்கம் குடுத்துட்டேன். நம்ம பக்கம் யாரும் வரல."

"மச்சான், சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. மூணு நாளும் என் மேசைக்குள்ள..."

"எனக்குத் தெரியுமே பாய்" என்றான், கோபமே இல்லாமல். "எங்கிட்ட சொல்ல எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க? அங்க இல்ல சொல்லணும்."

டீ வாங்கிக் கொடுத்தான். ஒன்றுதான் வாங்கினான். சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

அடுத்த கூட்டத்தில், தலைவர் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். அந்த மூன்று நாளும் வண்டிச் சாவி என் மேசைக்குள் இருந்தது. வண்டி எங்கும் போகவில்லை. தெரிந்தும் அன்றைக்கு நான் எழவில்லை.

துணிக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ எதுக்கு பாய் அது?" என்றார் தலைவர். "அந்த எடம் அப்பவே ரொம்பிடுச்சே."

"அது என் எடம் இல்ல தலைவரே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் படியில் இறங்கும்போதே அந்த இடத்துக்கு வேறு யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மூன்று தரமும் காதில் விழுந்தது. யாரும் எழவில்லை.

சில மாதம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்கு அவன் காத்திருந்தான். சரக்கு வாங்க வந்திருப்பான்போல, காலடியில் இரண்டு மூட்டை. என்னைப் பார்த்ததும் தலையசைத்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லிட்டீங்களாமே" என்றான். "துணிக்கடைக்காரர் வெள்ளிமலைக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு."

"ஆமா மச்சான்."

"நல்லது பாய்."

பஸ் வந்தது. ஒரு மூட்டையை நான் தூக்கினேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. மேலே ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். கண்டக்டர் விசில் ஊதும்வரைக்கும், ஒரு தரம், ஒரே ஒரு தரம் பழைய மாதிரி கூப்பிடுவான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வரேங்க" என்றான்.