முதலில் வந்த பொட்டலம்

காரைக்குடியில் பிரவுசிங் சென்டர் என்று போர்டு தொங்க ஆரம்பித்த புதிதில், என் வீட்டுக்காரரின் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. மதுரை டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்றார். என் மாமனார் இப்படி ஒரு ஆபரேஷனுக்குப் போய்த்தான் திரும்பாமல் போனார். அதனால் ஊர் வரும்வரை பஸ்ஸில் இவர் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கல்யாணத்தில் எனக்குப் பூட்டிய கழுத்துருத் தாலியே இவ்வளவு பெரிதில்லையே என்று கேலி செய்து பார்த்தேன். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்துத்தான் எனக்கும் பயம் வந்தது.

இரண்டு நாள் கழித்து மகன் ஒரு தாளோடு வந்தான். இன்டர்நெட்டில் தேடினானாம். கத்தியே வேண்டாம், தபாலில் வரும் மருந்தைச் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்று முதலாவதாக வந்ததாம். இவர் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது. எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

"மொதல்ல வந்தா அதுதான் நெசமாடா?" என்று மகனைக் கேட்டேன்.

"ஆத்தா, அந்த மிஷினுக்கு வேண்டியவுக, வேண்டாதவுக கெடையாது. அம்புட்டையும் பாத்து நல்லதை மேல போடும்."

"கொழம்புலயும் மேல மெதக்குறது எண்ணெய்தான்."

அவன் சிரித்தான். ஆனால் நான் பயந்ததற்குக் காரணம் வேறு. மகளைக் கண்டனூரில் கொடுக்கலாமா என்று முன்பு கருப்பர் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. கையில் வருவது வெள்ளை என்றால் சாமி சம்மதம். கட்டியவள் நான். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டேன். சாமியும் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்காதவர்தான். கட்டுகிற கை பார்க்குமே. இந்தத் தாளைக் கட்டிய கை யாருடையது?

மறுநாள் மகனை இழுத்துக்கொண்டு அந்த சென்டருக்கே போனேன். செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். விபூதி எங்கே என்று கேட்டேன். துபாயில் இருந்துவிட்டு வந்தவர் அந்தக் கடைக்காரர். என்னைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அந்த மருந்துப் பக்கத்தை எழுதியது யார் என்று கேட்டேன். கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போனார். அடியில் மருந்துக்கு ஆர்டர் எழுதும் இடம் இருந்தது.

"விக்கிறவுகளே எழுதிக்கிட்டது ஆச்சி. சில எடத்துல காசு கட்டுனா மேல வைப்பாகன்னும் சொல்றாக. நமக்கு இங்கேருந்து தெரியாது."

அப்புறம் மகன் என்ன எழுதித் தேடினான் என்று விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கழுத்துக் கட்டி, ஆபரேஷன் இல்லாமல், என்று எழுதினானாம். அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி. அவனும் அவனுக்குத் தெரியாமலே இரண்டிலும் வெள்ளையைக் கட்டியிருக்கிறான். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டுத் தேடச் சொன்னேன். உடனே வேறு வரிசை வந்தது. ஒன்று பயமில்லை என்றது. இன்னொன்று புற்றாக இருக்கலாம் என்றது. மகன் அதை வாசிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். கடைக்காரர் மின்விசிறியைக் கூட்டிவைத்தார். எனக்கு வேர்த்தது நிற்கவில்லை.

எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், இவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவர் மதுரை டாக்டர் ஒருவர்தான். அது மட்டும் எனக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவர் நம்பவில்லை. தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். கடைசியில், "கருப்பரைக் கேட்டுருவோம். செவப்பு வந்தாப் போறேன். நீயே கட்டு" என்றார்.

கட்டினேன். இரண்டு பொட்டலத்திலும் வாழை நாரை இறுக்கி முடிச்சுப் போட்டேன். மாப்பிள்ளை சரியில்லை என்றால் மகளைக் கூட்டி வந்துவிடலாம். ஆபரேஷன் மேசையில் போனவரை எப்படிக் கூட்டி வருவது? அந்தத் தாளைக் கட்டியவனாவது யார் என்று தெரியாதவன். இங்கே கட்டியது நான்.

சிவப்பு வந்தது. இவர் மதுரைக்குப் பஸ் ஏறினார்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் படுத்தபடி என்னைக் கிட்டே கூப்பிட்டார். "இன்னொரு பொட்டலம் எங்க?"

"கோயில் கெணத்துல போட்டுட்டேன்." அது என் மடியில் இருந்தது.

"கண்டனூருக்குக் கேட்டப்பவும் கெணத்துலதான் போட்டே" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

மத்தியானம் வரை அந்தப் பெஞ்சில் மடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கண் விழித்தார். கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், பதில் வர ஒரு வாரமாகுமாம். பேச முடியாமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று புரிந்தது. கிணற்றில் போட்டதாகச் சொன்னதை எங்கிருந்து எடுத்துத் தருவது? என் கையை அவர் கையில் வைத்தேன்.