தங்கை நம்பாத ஓட்டுநரும் உயிரில்லாத ஒரு வண்டியும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் தங்கை பூங்கொடிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து, கதிர்காமத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் அன்று டிஸ்சார்ஜ். அவள் வீட்டுக்காரர் மீன் லாரியோடு கேரளாவுக்குப் போயிருந்தார். வைத்திக்குப்பத்தில் இருக்கும் வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட வேண்டும். ஆறு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தூரத்துக்காக நூற்று ஐம்பது கிலோமீட்டர் போனேன்.

போனில் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை. "நான் ஆட்டோல வந்துக்கறேண்ணா. நீ வந்து பாத்துட்டு மட்டும் போ" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன் என் பழைய காரில் அவளை இதே சாலையில் கூட்டி வந்தேன். வளைவில் கியரைக் குறைத்து, எஞ்சினை உறும விட்டு வெளியே வருவதில் எனக்கு ஒரு கிறுக்கு. மரக்காணத்தில் இறங்கி வாந்தி எடுத்தவள், மீதித் தூரத்தைப் பஸ்ஸில் போனாள். அதன் பிறகு என் வண்டியில் ஏறியதே இல்லை. என் ஓட்டும் திறமையைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவன் நான். கூடப் பிறந்தவள் ஏற மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்?

இந்த முறை போனது புதிய கார். ஆட்டோமேட்டிக். மனைவியும் ஓட்ட வேண்டும் என்பதற்காக வாங்கியது. காலை 5.40க்குத் திருவான்மியூரில் கிளம்பினேன். மாமல்லபுரம் தாண்டும்போது மணி 6.35. இந்த நேரத்தில் இ.சி.ஆர். சாலை அழகாக இருக்கும். வலது பக்கம் உப்பங்கழி, இடது பக்கம் சவுக்குத் தோப்பு. பழைய கார் என்றால் பாட்டுப் பாடிக்கொண்டே போயிருப்பேன். இதில் கொட்டாவிதான் வந்தது.

ஏன் என்று யோசித்துக்கொண்டே போனேன். பழைய வண்டியில் ஸ்டீயரிங் கனமாக இருக்கும். சாலையில் மணல் கிடந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். டயர் பிடி விடப்போகிறது என்பதை இடுப்பு சொல்லிவிடும். அறுபதில் போனாலே பறப்பது போல இருக்கும். புதிய வண்டியில் ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றலாம், அதற்குள் மோட்டார் இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது கம்ப்யூட்டருக்கு மனுப் போடுகிறது. பரிசீலனை முடிந்த பிறகு வண்டி நகர்கிறது. எந்த கியர் என்று அதுவே முடிவு செய்துகொள்கிறது. எஞ்சின் சத்தம் பக்கத்து வீட்டு மிக்ஸி போலத் தூரத்தில் கேட்கிறது. நூறில் போகும்போதும் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும் உணர்ச்சிதான். நான் ஓட்டுகிறேனா, சும்மா கூடப் போகிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. உயிரில்லாத வண்டி என்று வாய்விட்டே திட்டினேன்.

மரக்காணம் உப்பளத்தைத் தாண்டியதும், மணி 7.30 இருக்கும், ஒரு நாய் குறுக்கே ஓடியது. வலது கால் பிரேக்குக்குப் போனது சரி. இடது காலும் இருபது வருடப் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போனது. இந்த வண்டியில்தான் கிளட்சே கிடையாதே! அகலமான பிரேக் பெடலின் மேல் இரண்டு காலும் சேர்ந்து இறங்கின. வண்டி ஒரே குலுக்கலில் நின்றது. பின்சீட்டில் இருந்த டிபன் கேரியர் பறந்து வந்து முன்சீட்டின் முதுகில் மோதி, சாம்பார் முழுவதும் தரை விரிப்பில். நல்லவேளை, பின்னால் வண்டி ஏதும் வரவில்லை. நாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் சில மணி நேரத்தில் அங்கே வயிற்றில் தையலோடு பூங்கொடி உட்காருவாள். இடது கால் செருப்பைக் கழற்றி, காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அங்கிருந்து அறுபதைத் தாண்டவில்லை. சாலை விரிவாக்க வேலையும் நடப்பதால் காலாப்பட்டு வரவே 8.50 ஆகிவிட்டது. கதிர்காமம் சேர்ந்தபோது 9.30.

பதினொரு மணிக்கு என்று சொன்ன டிஸ்சார்ஜ் முடிய ஒன்றேகால் ஆனது. பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்தாள். இருமல் வந்தால் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கூட, நான்கு நாளாக அவளுக்குத் துணையாக இருந்த பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா.

வாசலில் ஒரு ஆட்டோ காத்திருந்தது. "நூத்தம்பது ரூபா பேசியாச்சு தம்பி. தப்பா எடுத்துக்காத. இந்தப் பொண்ணு ஒன் வண்டின்னா பயப்படுது" என்றார் மல்லிகா அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆட்டோவில் வேகத்தடை ஏறி இறங்கினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். "பூங்கொடி, ஏறிப் பாரு. ஒரு ஆட்டம் பட்டாலும் நிறுத்திடறேன். நீ எறங்கி ஆட்டோல போய்க்கலாம்" என்றேன்.

அவள் காரைப் பார்த்தாள், ஆட்டோவைப் பார்த்தாள். "அப்ப ஆட்டோ பின்னாடியே வரட்டும்ணா" என்றாள்.

ஆட்டோக்காரருக்கு ஒரே சிரிப்பு. "நான் வரேன் சார். நீங்க உருட்டுங்க."

அப்படித்தான் கிளம்பினோம். முன்னால் நான், பின்னால் என் மேல் நம்பிக்கை இல்லாததற்குச் சாட்சியாக ஒரு காலி ஆட்டோ. பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்த மல்லிகா அக்கா ஒரு தலையணையைப் பூங்கொடியின் வயிற்றில் வைத்து, அதன் மேல் பெல்ட்டைப் போட்டார். மதியம் கடையை அடைத்துவிட்டுத் தூங்குகிற ஊர் இது. வழுதாவூர் சாலையிலேயே நெரிசல் குறைந்திருந்தது. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். வண்டி தானாக நகர்ந்தது. கியர் மாறியது எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு வேகத்தடையையும் தொட்டிலை இறக்கி வைப்பது போல ஏறி இறங்கினேன். இருபத்தைந்தைத் தாண்டவில்லை. இருபது வருடத்தில் இவ்வளவு கவனமாக நான் ஓட்டியதே இல்லை.

காலையில் நான் திட்டிய அத்தனையும் அப்போது வேறு மாதிரி தெரிந்தது. சாலை என் கைக்குத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளுக்கோ சாலை தெரியவே கூடாது. வண்டி சலிப்பாக இருக்கிறது என்பது இப்போதும் உண்மைதான். அந்தச் சலிப்பு யாருக்குத் தேவை என்று நான் யோசித்ததே இல்லை.

முத்தியால்பேட்டை வந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். மல்லிகா அக்கா ஜன்னலைப் பாதி இறக்கி, வெளியே கையை நீட்டி ஆட்டோக்காரரை ஓரமாகப் பக்கத்தில் வரச் சொன்னார். நானும் நிறுத்தினேன். பேசிய காசை அவர் கையில் வைத்து, "நீ போப்பா. பொண்ணு தூங்கிடுச்சு" என்றார். மெதுவான குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது.

வீட்டு வாசலுக்கு வந்து, புங்க மர நிழலில் நிறுத்தி, ஏசியை ஓடவிட்டேன். மல்லிகா அக்கா கஞ்சி வைக்க இறங்கிப் போனார். பூங்கொடியை எழுப்ப மனம் வரவில்லை. அவள் தூங்கிய நாற்பது நிமிடத்தில், இந்த வழியில் கார் ஓட்டி வருபவர்களுக்காகப் போனில் எழுதிவைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

சென்னையிலிருந்து ஐந்தரைக்குள் கிளம்பிவிடுங்கள். ஃபாஸ்டேக்கில் முன்னூறு ரூபாயாவது இருக்கட்டும். எனக்குப் போக மட்டும் ஒன்பது லிட்டர் பெட்ரோல் ஆனது. திரும்பி வருவதற்குப் புதுச்சேரியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், விலை குறைவு. ஊருக்குள் ஓட்ட மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை நல்ல நேரம், ஆனால் கடைகள் இருக்காது. மாலை ஆறுக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோமேட்டிக் புதிதென்றால் காலி மைதானத்தில் ஒரு வாரமாவது ஓட்டிப் பழகுங்கள். இடது காலை நம்பாதீர்கள். ஆபரேஷன் ஆனவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே தலையணை வையுங்கள். சாம்பாரை முன்சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

இவ்வளவு எழுதியபோது பின்னால் அசைவு கேட்டது. பூங்கொடி கண்ணைத் திறக்காமலே, "ஏண்ணா, இன்னும் கெளம்பலியா?" என்றாள்.

"வீடு வந்து ரொம்ப நேரமாச்சும்மா."

கண்ணைத் திறந்து தன் வீட்டுக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வயிற்றின் மேல் இருந்த தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அடுத்த வியாழக்கெழம தையல் பாக்க வரச் சொல்லிருக்காங்க. அதுக்கும் நீயே வந்துடறியாண்ணா?"