படியேறாத புஷ்பராணி

1. சுவரில் ஐந்து படி

கிளிநொச்சியில் இருபத்திரண்டு வருடம் உளவளத்துணையாளராக இருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைக் கண்டால், "மிஸ், உங்களை உலுப்பின கேஸ் எது?" என்று கேட்பார்கள். சண்டைக் காலத்துக் கதை ஏதாவது வரும் என்று காத்திருப்பார்கள். நான் ஒரு கலியாண அழைப்புக் காட் பற்றிச் சொல்வேன். அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு திட்டம் வந்தது. ஒரு மனிதர் தன் இனத்தையும் பண்பாட்டையும் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை ஐந்து நிலைகளாகப் பார்ப்பது. முதல் நிலையில் பெரிய கூட்டத்தைப்போல இருக்க விரும்பித் தன்னுடையதை மறைப்பார். இரண்டில் அந்த மறைப்பு உறுத்தும். மூன்றில் கோபம் வந்து தன்னுடையதே எல்லாம் என்பார். நான்கில் அந்தக் கோபத்தையே கேள்வி கேட்பார். ஐந்தில் தன்னுடையதையும் விடாமல், மற்றவரையும் வெறுக்காமல் நிதானமாக நிற்பார். பயிற்சி தந்த அம்மா, "இது ஏணி இல்லை. ஆக்கள் முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருவினம்," என்று மூன்று தரம் சொன்னார்.

மறுநாளே எங்கள் திட்ட முகாமையாளர் ரமணன் சுவரில் ஐந்து படி வரைந்துவிட்டார். வருகிற ஒவ்வொருவருக்கும் இலக்கம் ஒட்டிய ஒரு குண்டூசி. மாதத்துக்கு ஒரு படி ஏற்ற வேண்டும்.

படிவத்தில் 'ஆதிக்கக் குழு' என்று ஒரு பெட்டி இருந்தது. நான் ரமணனிடம் கேட்டேன். "தம்பி, எங்கட சனத்துக்கு அரசாங்கக் கந்தோருக்குப் போனா ஒரு கூட்டம் பெரிசு, கோயிலுக்குப் போனா இன்னொண்டு, கலியாணம் பேசப் போனா வேறொண்டு. எதை எழுதுறது?"

"பெட்டி ஒண்டுதான் மிஸ். சின்னனா எழுதுங்கோ."

உடையார்கட்டிலிருந்து ஒரு ஐயா நித்திரை வரவில்லை என்று வருவார். இலக்கம் போட்டால் ஆளைத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம். அவர் எப்படியோ தன் ஊசி இரண்டாம் படியிலும் பக்கத்து வீட்டுக்காரரின் ஊசி மூன்றாம் படியிலும் நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "நான் அவனுக்கு ரெண்டு வயசு மூப்பு. ஏத்தாட்டி இனி வரமாட்டன்," என்றார். ஏற்றினோம். அடுத்த முறை வந்தபோது, நன்றாக நித்திரை வருகிறது என்றார். ரமணன் அதை வெற்றிக் கதை என்று எழுதி அனுப்பினார்.

2. காட்

புஷ்பராணி தருமபுரத்தில் தையல்கடை வைத்திருந்தார். அவருடைய தகப்பன் ராமசாமி மலையகத்தில் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து, இனக்கலவரத்துக்குத் தப்பி வந்து, காடு வெட்டிக் கிணறு தோண்டிக் குடியேறியவர். காலமாகி மூன்று வருடம். புஷ்பராணியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். அழைப்புக் காட்டில் மாப்பிள்ளையின் அப்பப்பா அப்பம்மா பெயரெல்லாம் உண்டு. பெண்ணின் அம்மப்பா ராமசாமியின் பெயர் மட்டும் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டார்.

"ராமசாமி எண்ட பேரைக் கண்டா, தோட்டத்து ஆக்களோ எண்டு அவையின்ர சனம் விசாரிக்குமாம் மிஸ்," என்றார் புஷ்பராணி. "பேரைப் போட்டா அவ கலியாணத்துக்கு வரமாட்டாவாம். மகள் அழுறாள், ஒரு பேர்தானே அம்மா எண்டு. எடுத்தா நான் அப்பாவை ரெண்டாந்தரம் புதைச்ச மாதிரி." வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அதே வெள்ளிக்கிழமைதான் எங்கள் காலாண்டு அறிக்கைக்கும் கடைசி நாள். ரமணன் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார். "பேரை எடுத்தா முதலாம் படி. போட்டா மூண்டாம் படி. இவாவை அஞ்சுக்கு என்னண்டு கொண்டு போறது மிஸ்?"

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "காட்டை ரெண்டு விதமா அச்சடிப்பம். மாப்பிள்ளையின்ர ஆக்களுக்குப் பேரில்லாம ஒண்டு, உங்கட ஆக்களுக்குப் பேரோட ஒண்டு," என்று புஷ்பராணியிடம் போய்ச் சொன்னேன். கதவடியில் நின்ற ரமணன் கைதட்டினார்.

கையெழுத்துக்காக ஃபைலைப் புஷ்பராணி பக்கம் திருப்பி வைத்தேன். அவர் முதல் பக்கத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கினார். நான் எழுதியதுதான். பெயர்: புஷ்பராணி. தொழில்: தையல். ஊர்: இந்திய வம்சாவளி.

"மிஸ், இது ஊர் எழுதுற இடமல்லோ?"

"ஓம்."

"நான் தருமபுரத்தில பிறந்தனான். வம்சாவளி எண்டு ஒரு ஊருக்கு பஸ் போகுதோ?"

"அது… வழக்கமா அப்பிடித்தான் எழுதுறனான்."

"நீங்கள் எங்க பிறந்தனீங்கள்?"

"யாழ்ப்பாணம், சாவகச்சேரி. அப்பாவுக்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழ காணி கிடைச்சு, மூண்டு வயசில இஞ்ச வந்தனான்."

"உங்கட வேலை ஃபைலில என்ன ஊர் போட்டிருக்கு?"

கிளிநொச்சி என்றுதான் போட்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"மாப்பிள்ளையின்ர அம்மா காட்டில செய்யச் சொன்னதை நீங்கள் ஃபைலில எப்பவோ செய்திட்டியள்," என்றார் புஷ்பராணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார்.

3. கடைசிப் பக்கம்

அன்று பின்னேரம் அலுமாரியில் இருந்த ஃபைல் எல்லாவற்றையும் இறக்கினேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்கு உருத்திரபுரம், வட்டக்கச்சி என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்தேன். மலையகத்தில் இருந்து வந்தவர்களுக்கு, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக்கூட, வம்சாவளி. எல்லாம் என் கையெழுத்து. யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.

பயிற்சி தந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "கடைசிப் பக்கம் வாசிக்கேல்லையோ?" என்றார். துணையாளர் முதலில் தான் எந்த நிலையில் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பக்கமாம். எங்கள் அலுவலகத்தில் ஃபோட்டோகொப்பி எடுக்கும்போது அந்தப் பக்கத்துக்கு வர மை முடிந்துவிட்டது. ஒருவரும் தேடவில்லை.

சனிக்கிழமை திருத்திய ஃபைலோடு தையல்கடைக்குப் போனேன். "மன்னிப்புக் கேக்க வந்தனான்," என்றேன். புஷ்பராணி மெஷினை நிறுத்தாமல், "இது எத்தினையாம் படி மிஸ்?" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டார். காட் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் காட் வந்தது. ஒரே விதமான காட். 'தருமபுரம் அமரர் ராமசாமியின் பேத்தி' என்று நடுவில் பெரிதாக இருந்தது. நடந்ததைப் பிறகு அறிந்தேன். "பேர் இல்லாட்டிக் காட்டும் வேண்டாம், வாயால சொல்லிக் கூப்பிடுவம்," என்று புஷ்பராணி சம்பந்தியிடம் சொல்லியிருக்கிறார். கனடாவில் இருக்கிற தன் தம்பிக்கு அனுப்பக் காட் இல்லாமல் என்ன கலியாணம் என்று அந்த அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு இறங்கி வந்தாராம். அவர் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்கினார் என்பதற்கு ரமணனிடம் பெட்டி இல்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஃபைலைத் திறந்தால், "ஊர் எண்டு என்ன எழுத?" என்று வந்தவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். ஐந்து நிலையையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

காட் வந்த உறையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். புஷ்பராணியின் அழகான கையெழுத்தில் முகவரி இப்படி இருந்தது: திருமதி சிவமலர், சாவகச்சேரி வம்சாவளி, கிளிநொச்சி.

அதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சுவரில் முதலாம் படியில் ஒரு புதுக் குண்டூசி குத்தினேன்.

"இது ஆற்ற கேஸ் மிஸ்?" என்று ரமணன் கேட்டார்.

"என்ர."

அவர் கலண்டரைப் பார்த்தார். "அப்ப அடுத்த மாசம் ஏத்தலாமோ?"