ராத்தா வந்தால் விழும் முள்

பதுர்தீன் நானா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாலைந்து முறை போயிருக்கிறார், எல்லாம் ஆட்களை வழியனுப்ப. ஆனால் உக்குவளையில் அவர் வீட்டு முன்னறையில் ஒரு விமானம் இருக்கிறது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நானும் ஆரம்பத்தில் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான்.

என் பெயர் ஜெனிஸ்டா. உக்குவளை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் நானாவின் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டும். நான் வாடிக்கையாளர்களோடு சண்டை பிடிப்பது அவருக்குக் கேட்கும். அவர் யாரோடும் சண்டை பிடிக்காமல் இருப்பது எனக்குக் கேட்கும்.

வாகனங்களின் மீட்டர் போர்ட் திருத்துவது அவர் தொழில். வேகம் காட்டாத முள், டாங்க் நிறைய எண்ணெய் இருந்தும் இல்லை என்று அடம்பிடிக்கிற முள், இப்படிப்பட்டவைதான் இருபத்தாறு வருஷமாக அவர் மேசைக்கு வருகின்றன. வேறு கடையில் என்றால் முறைப்பாட்டைக் கேட்டதும் திருப்புளியைக் கையில் எடுப்பார்கள். இவர் கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, அந்த வாகனத்திலேயே ஏறிக்கொள்வார். முள் மக்கர் பண்ணும்வரை கூடவே போவார். மாத்தளை வரை போன நாளும் உண்டு, கண்டி வரை போய் ரயிலில் திரும்பிய நாளும் உண்டு.

"பழுது வராத நேரத்துல திறந்து பார்த்து என்ன பிரயோசனம் தங்கச்சி? அது வாற நேரம் நாம பக்கத்துல இருக்கணும்" என்பார். அவர் பக்கத்தில் இருக்கப் போன நேரமெல்லாம், தேடி வருகிறவர்களுக்கு இங்கே பதில் சொல்லி வாய் நோவது எனக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடிய கிலோமீட்டரைக் குறைத்து வைத்துத் தரச் சொல்லி மாதம் இரண்டு பேராவது வருவார்கள், வாகனத்தை விற்கப் போகிறவர்கள். நானா மாட்டேன் என்று சொல்லக்கூட மாட்டார். மீட்டரைத் துடைத்து அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

விமானம் வந்தது இப்படித்தான். வெளிநாட்டில் சிலர் வாகன மீட்டருக்குள் இருக்கும் சின்ன மோட்டர்களைக் கழற்றி, வீட்டில் விமான ஓட்டியின் அறையையே செய்து விளையாடுகிறார்கள் என்பதை போனில் பார்த்தார். "இந்த மோட்டர் நம்ம கடையில குப்பையாக் கிடக்கே" என்றார். ஒரு வருஷத்தில் பழைய அலுமாரிப் பலகையில் முகப்பு வந்தது. விபத்தில் நொறுங்கிய வேனின் இரண்டு சீட் வந்தது. முன்னால் டீவி, பக்கத்தில் லெப்டொப். டீவியில் விமானம் பறக்க, பலகையில் வேகமும் திசையும் காட்டும் முட்கள் அதற்கேற்ப அசைந்தன. நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்க நினைத்துப் போனவள் மேலே கிளம்பும்போது சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்றோடு என் சிரிப்பு நின்றது.

இப்போது பஸ்லா ராத்தாவுக்கு வருகிறேன். நானாவின் ஒரே அக்கா. கலியாணம் முடித்து வில்கமுவவுக்குப் போனவர். கணவர் மவுத்தாகி அடக்கமாகி ஆறு வருஷமாகியும் வயலை விடவில்லை. யானை வந்தால் ஆம்பிளைகளுக்கு முன்னால் வெடி கொளுத்தி எறிகிற மனுஷி. இந்த வருஷம் அவருக்கும் மகன் முத்தலிபுக்கும் ஹஜ்ஜுக்குப் போக இடம் கிடைத்தது. எத்தனையோ வருஷமாக துஆவில் அல்லாஹ்விடம் கேட்டது. படிவங்களைக் கொப்பி எடுத்தது நான்தான். எல்லாம் நிரப்பியிருந்தது, ராத்தாவின் கையெழுத்து மட்டும் இல்லை.

"பிளேன்ல ஏற மாட்டேன்" என்றார்.

"யானைக்குப் பயப்படாத நீங்களா?" என்றேன் நான்.

"ஆனை வந்தா ஓடலாம் மகள். அதுக்குள்ள இருந்து எங்க ஓடுற?"

நானா அக்காவோடு வாதாடவில்லை. கூட்டிப்போய் வேன் சீட்டில் உட்கார வைத்து, கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தா போகும் பாதையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். ராத்தா கண்ணைத் திறந்து பார்க்கவே பத்து நிமிஷம் ஆனது. பிறகு கேட்டார்:

"இப்ப எவ்வளவு உசரத்துல போறோம்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்காகவே நானா உயரம் காட்டும் மீட்டர் ஒன்று செய்தார். சாப்பாட்டுப் பீங்கான் தட்டு அளவு வட்டம், கண்ணாடி போடாமலே ராத்தா வாசிக்கக்கூடிய பெரிய எழுத்து, லொறி மீட்டரின் சிவப்பு முள். லெப்டொப்பில் வயர் குத்த இடமில்லாததால், பழைய வீட்டுப் போனுக்கு வந்த கனமான அடெப்டர் ஒன்றிலிருந்து அதற்குக் கரண்ட் எடுத்தார்.

அடுத்த முறை ராத்தா வந்தபோது முள் அழகாக ஏறியது. பத்தாயிரம் அடி, இருபதாயிரம், முப்பத்தோராயிரம். ராத்தாவின் முகமும் கொஞ்சம் தெளிந்தது. அந்த நேரம் பார்த்து முள் ஒரே வீச்சில் பூச்சியத்துக்கு விழுந்தது.

"யா அல்லாஹ்!" என்று ராத்தா சீட்டைவிட்டுப் பாய்ந்தார். டீவியில் மேகங்கள் தம்பாட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிஷத்தில் முள் தானாக மேலே ஏறியது. அதைப் பார்க்க ராத்தா அங்கே இல்லை, குசினியில் றஸ்மியா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். றஸ்மியா அக்கா நானாவின் மனைவி.

நானா மோட்டரை மாற்றினார். இரண்டு கிழமை, பதினாலு நாளும் ஓட்டிப் பார்த்தார், விழவே இல்லை. ராத்தா வந்தார், விழுந்தது.

"நீ தனிய ஓட்டுனா நல்லா இருக்கு. நான் ஏறினா விழுது. இது எனக்குக் காட்டுற அடையாளம் தம்பி. ஆண்டவன் போகாதேன்னு சொல்றான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும் என்று ஹஜ் முகவர் சொல்லியிருந்தார். அன்று வியாழன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நானா, அந்த மோட்டரைக் கழற்றி வீசுங்க. முள்ள முப்பத்தஞ்சாயிரத்துல பசை போட்டு ஒட்டுங்க. ராத்தாவ ஏத்துங்க, கையெழுத்த வாங்குங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "பொய் காட்டுற மீட்டர என் கையால பூட்டி ராத்தாவ ஏத்தவா?" என்றார். சண்டை பிடிக்காமல் என் கடைக்குத் திரும்பினேன். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

சனிக்கிழமை நானா கடை திறக்கவில்லை. "ராத்தா வாற நேரம்தான் பழுது வருது. அப்ப ராத்தா வரணும்" என்று சொல்லி, ராத்தாவாக என்னை உட்கார வைத்தார். ஆள் கனத்துக்கு சீட் அமுங்கி வயர் நசுங்குகிறதோ என்பது அவர் சந்தேகம். என் கனம் ராத்தாவுக்குப் போதாது என்று மடியில் ஒரு அரிசி மூட்டையும் வைத்தார். மூட்டையைத் தூக்கி வைக்குமுன் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்து, "பாதி மூட்டையே போதும் போல" என்றார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் பறந்தோம். முள் விழவில்லை.

ராத்தாவின் கைப்பையில் இருக்கும் போனைப் போல ஒரு போனைப் பக்கத்தில் வைத்து அழைப்பு எடுத்துப் பார்த்தார். ராத்தா பாய்ந்து எழும்புவது போல என்னை எழும்பச் சொன்னார். றஸ்மியா அக்கா எங்கள் இருவருக்கும் குசினி காஸ் அடுப்பில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். குடித்தோம். முள் அப்படியே நின்றது.

கோப்பையைக் கீழே வைத்த நானா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "றஸ்மியா, இது ராத்தா வந்தா குடுக்குற கோப்பையா?"

"இல்ல... அது ஷோகேஸ்ல."

"ராத்தா வந்தா என்னென்ன செய்வியோ, ஒண்ணும் விடாம அப்படியே செய். ராத்தா வந்திருக்காங்கன்னே நினைச்சுக்க."

றஸ்மியா அக்காவின் முகம் மாறியதை நான் கண்டேன். தயங்கித் தயங்கி ஷோகேஸைத் திறந்தார். பூப்போட்ட கோப்பைகளை எடுத்தார். பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு கரண்ட் கேத்தலை எடுத்தார். அவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ராத்தா வாங்கிக் கொடுத்தது. பதினொரு வருஷம் ஆகியும் கடையில் வாங்கிய மினுக்கம் போகவில்லை. அதை எங்களுக்குப் பின்னால் இருந்த சின்ன மேசையில் வைத்து, விமானத்துக்குக் கரண்ட் வரும் அதே எக்ஸ்டென்ஷன் வயரில் குத்தி, சுவிட்சைத் தட்டினார்.

முள் விழுந்தது.

நானா எழுந்து போய்க் கேத்தலை நிறுத்தினார். முள் ஏறியது. திரும்பப் போட்டார், விழுந்தது. சின்னப் பிள்ளை மாதிரி ஐந்தாறு முறை செய்தார். அந்தச் சிரிப்பை நான் அவரிடம் முன்பு கண்டதில்லை. கேத்தல் இழுக்கிற இழுப்பில் அந்த மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்குகிறது. லெப்டொப்புக்குள் பற்றரி இருப்பதால் அதற்கும் அதில் குத்திய மற்ற முட்களுக்கும் ஒன்றும் ஆவதில்லை, டீவியும் தாங்கிக்கொள்கிறது. பழைய அடெப்டரை நம்பியிருந்த உயர மீட்டர் மட்டும் அணைந்து முள்ளைப் பூச்சியத்துக்கு விட்டுவிடுகிறது, கேத்தல் நின்றதும் எழும்பி மறுபடி ஏற்றுகிறது. இவ்வளவுதான் ஆண்டவன் காட்டிய அடையாளம்.

நான் கைதட்டினேன். றஸ்மியா அக்கா தட்டவில்லை.

"வயர மாத்திட்டு சும்மா இருங்க" என்றார் மெதுவாக. "கேத்தல்னு சொல்லாதீங்க. மத்த நாள்ல ஏன் விழலன்னு மதினி கேப்பாங்க. அவங்க தந்தத அவங்க வாற நாளைக்கு மட்டும் எடுத்துக் காட்டுறேன்னு தெரிஞ்சா என் மூஞ்ச எங்க வெச்சுக்கிற?"

நானா கேத்தலைத் துடைத்து மனைவியிடம் கொடுத்தார். "நாளைக்கு விழாம இருந்தா, இண்டைக்கு நல்ல நேரம்னு சொல்லிட்டு ராத்தா போயிடுவாங்க. ஏன் விழுந்துச்சுன்னு கண்ணால காணாம கையெழுத்துப் போட மாட்டாங்க. ஆனா கேத்தல் உன்ட. நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன்."

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நான் நேரே அங்கே ஓடினேன். இதை விட்டுவிட்டு என்னால் வீட்டுக்குப் போக முடியுமா? தம்பி கூப்பிட்டான் என்பதற்காக ராத்தா வந்திருந்தார், வேண்டா வெறுப்பாக. முப்பதாயிரம் அடியில் நானா கைகட்டி உட்கார்ந்திருந்தார். றஸ்மியா அக்கா கேத்தலை அதே எக்ஸ்டென்ஷன் வயரில் குத்திவிட்டு ராத்தாவின் முன்னால் வந்து நின்றார்.

"மதினி, நீங்களே இந்த சுவிட்சப் போடுங்க."

ராத்தா போட்டார். முள் விழுந்தது. அலறப் போனவரின் கையைப் பிடித்து றஸ்மியா அக்கா சுவிட்சை நிறுத்த வைத்தார். முள் ஏறியது. ராத்தா கேத்தலைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். கேள்வி வந்தே விட்டது.

"அப்ப மத்த நாள்ல ஏன் விழல?"

"மத்த நாள்ல இத நான் எடுக்கிறதில்ல மதினி. பழசாகிடும்னு ஷோகேஸ்ல வெச்சிருந்தேன். நீங்க வாற நாளைக்கு மட்டும்..."

ராத்தா கேத்தலைத் தூக்கி அடியைப் பார்த்தார். "ஸ்டிக்கர் கூடப் போகல்ல" என்றார். "நான் வில்கமுவ முழுக்கச் சொல்லித் திரியிறேன், என் தம்பி பொஞ்சாதி நான் குடுத்த கேத்தல்லதான் தினமும் தேத்தண்ணி ஊத்துறாள்னு." றஸ்மியா அக்கா அழுதுவிட்டார். ராத்தா அவரைப் பக்கத்து சீட்டில் இழுத்து உட்கார வைத்தார். பிறகு தானே சுவிட்சைப் போட்டார், நிறுத்தினார், போட்டார், நிறுத்தினார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

"ஆனை எதுக்கு வருதுன்னு தெரிஞ்சாத்தான் வெடிய எந்தப் பக்கம் எறியணும்னு தெரியும்" என்றார் கடைசியில். "ஜெனிஸ்டா, பேனை இருக்கா?"

இருந்தது. படிவமும் என் பையில் இருந்தது.

கேத்தல் இப்போது றஸ்மியா அக்காவின் குசினியில் இருக்கிறது, அதற்கென்று நானா தனி வயர் இழுத்திருக்கிறார். ஸ்டிக்கர் போய்விட்டது. பிடியில் மஞ்சள் கறையும் பட்டுவிட்டது.

ராத்தா ஹஜ்ஜுக்குப் போன மறுநாள் நானாவுக்கு ஜித்தாவிலிருந்து அழைப்பு வந்தது. போனை எனக்கும் கேட்கும்படி பலகைத் தடுப்பின் மேல் வைத்தார்.

"தம்பி, முன் சீட்டுல சின்ன டீவி இருந்துச்சு. அதுல உசரம் காட்டினாங்க. உன்ட மீட்டர் மாதிரி பெரிய எழுத்து இல்ல."

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயந்தீங்களா ராத்தா?"

"நல்லாத்தான் போச்சு. முப்பத்தாறாயிரம் அடியில பிளேன்ல வேலை செய்ற பிள்ளை தேத்தண்ணி கொண்டு வந்துச்சு. நான் முத்தலிபுட கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, அந்தச் சின்ன டீவியவே பார்த்துக்கிட்டு இருந்தேன். விழல்ல தம்பி. பொறகு இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."