வணக்கம் வைக்கக் குறுக்கே போனவர்

மோட்டார் பந்தயத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போன குடும்பம் விழுப்புரத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பையன் திண்டிவனத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். சென்னையில் ஒரு பணக்காரர் வாங்கிவைத்திருந்த பந்தய வண்டியை வருடா வருடம் அவர்தான் ஓட்டுவார். என் அப்பா டிரங்க் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர். கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிற பையனைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, வண்டியில் பார்த்தால்தான் குணம் தெரியும் என்பது அவர் கட்சி.

பேச்சை ஆரம்பிக்கும் முன்பு, தற்செயலாகச் சந்திப்பதுபோல் இரண்டு வீட்டாரும் கோயிலில் பார்த்துக்கொள்வது வழக்கம். அந்த ஏற்பாட்டை அப்பா பந்தயத் திடலுக்கு மாற்றினார். பையனின் அம்மா மாம்பழக் கலர் புடவையில் வருவார் என்று கல்யாணத் தரகர் சொல்லி அனுப்பியிருந்தார். யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

நான் சென்னையில் எக்ஸ்ரே பயிற்சி முடித்து, விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. எதையும் வரிசை போட்டு யோசிப்பவள். வேலையை விடச் சொல்வார்களா, திண்டிவனத்திலிருந்து தினம் ரயிலில் வந்துபோக முடியுமா, அவர் குடிப்பாரா, அவருடைய அம்மா எப்படிப்பட்டவர். பந்தயம் ஆபத்தா என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது.

சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்காகப் போட்டுக் கைவிட்ட சிமெண்ட் தளத்தில் பந்தயம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா ஆகியோர் போனோம். இரண்டு பக்கமும் ஒரு கயிறு. வளைவுகளில் வைக்கோல் கட்டுகள். மற்றபடி எங்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே ஒன்றுமில்லை. பனைமரங்களில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கொடி பிடித்த தொண்டர்கள் கூட்டத்தைப் பின்னால் தள்ளத் தள்ள, கூட்டம் கயிற்றோடு முன்னால் வந்தது.

முதலில் கார்கள் ஓடின. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் இடித்தது. பந்தய வண்டிகளுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெய் கருகிய வாசனை தொண்டையில் இறங்கியது. ஒரு கார் வளைவில் வழுக்கி, பம்பரமாகச் சுற்றி, எங்களைப் பார்த்தபடி நின்றது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அவ்வளவு பயமும் அவ்வளவு சந்தோஷமும் ஒன்றாக வந்த இன்னொரு நாள் எனக்கு இல்லை.

மோட்டார் சைக்கிள்களின் முறை வந்ததும் நாங்கள் பார்க்க வந்த பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் கயிற்றோரமாகப் போனார். மெலிந்த ஆள், முழங்கை வரை கிரீஸ். தரகரின் கட்டளையை மறந்து மாமா கையை உயர்த்தி ஆட்டினார். அவர் மாமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார். என் வரிசையில் பாதிக் கேள்விகள் அப்போதே அடிபட்டுப் போயின.

பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகள் ஆன பிறகு, எதிர்ப்பக்கத்தில் மாம்பழக் கலர் புடவையை மாமா கண்டுபிடித்துவிட்டார். மாமா மல்லாட்டை வியாபாரி, நிலக்கடலை மூட்டை வாங்கி விற்பவர். மரியாதையில் ஒரு சொட்டு குறைந்தாலும் வியாபாரம் கெட்டுவிடும் என்று நம்புகிறவர்.

"சம்பந்தியம்மா எதுக்கால குந்திக்கினு இருக்காங்க. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தா நம்மள என்னான்னு நெனைப்பாங்க? ஒரு வணக்கம் வெச்சிட்டு வந்துர்றேன்."

"சம்பந்தமே இன்னும் பேசல, அதுக்குள்ள சம்பந்தியா?" என்றாள் அம்மா.

அவள் சிரித்து முடிப்பதற்குள் மாமா கயிற்றுக்கு அடியில் குனிந்துவிட்டார். டிரங்க் ரோட்டில் ஒரு பஸ் போனதும் கடப்போமே, அப்படித்தான் கடந்தார். ஒரு வண்டி போயிருந்தது. அடுத்தது தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை எங்கள் ஊர் ரோட்டில் யாரும் கற்றிருக்கவில்லை.

வந்தது அவர். மாமா மேல் மோதாமலிருக்க ஒடித்தார், வண்டி வைக்கோல் கட்டில் மோதியது, அவர் தனியாகப் பறந்து விழுந்தார். புழுதியில், மாமா மட்டும் ஒன்றும் அறியாமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்து, மாம்பழக் கலர் புடவைக்கு முன்னால் கைகூப்பி நின்றதைப் பார்த்தேன். அந்த அம்மாள் மாமாவைக் கவனிக்கவே இல்லை, அவருக்குப் பின்னால் பார்த்து எழுந்துகொண்டிருந்தார்.

மாமா திரும்பிப் பார்த்தார். முதலில் ஓடிப்போய் விழுந்தவரைத் தூக்கியது மாமாதான். யாரோ வேட்டி கட்டியவர் குறுக்கே ஓடியதாக ஒலிபெருக்கி திட்டியது. அங்கே வேட்டி கட்டாதவர்கள் குறைவு.

வலது மணிக்கட்டில் முறிவு. சில நாட்களில் தரகர் வந்தார். பிள்ளையைத் தூக்கிய மனிதர் பெண்ணின் மாமாவாமே, அப்படிப்பட்ட வீட்டில் சம்பந்தம் வைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்கிறாராம். மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அப்பா உண்மையைச் சொல்லவில்லை. நன்றியை வாங்கிக்கொள்ளவும் அவரால் முடியவில்லை. எனக்குச் சம்மதம் என்று நான் சொன்னேன். "உனக்குச் சம்மதம்மா. எனக்குத்தான் அவங்க மூஞ்சப் பாக்கத் தெம்பு இல்ல" என்றார் அப்பா. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்.

எலும்பு கூடிவிட்டதா என்று பார்க்க, கட்டுப் பிரித்த கையோடு அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். தட்டின் மேல் கையை வைத்து, அசையாமல் இருக்கச் சொன்னேன். அவர் அசையாமலே கேட்டார்:

"உங்க மாமாவுக்கு அன்னைக்கு அடி ஒண்ணும் படலியே?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்கால வந்த மூஞ்சி மறந்துபூடுமா? சிரிச்சிக்கினே வந்தாரு. வீட்ல யாருக்கும் சொல்லல." கையைத் தட்டிலிருந்து எடுக்காமலே, "ஜாதகம் நெசமாவே சேரலீங்களா?" என்றார்.

"ஜாதகத்தை யாரும் பாக்கவே இல்லீங்க" என்றேன்.

படம் நன்றாக விழுந்திருந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, லேசான கோணல் நிற்கும்.

மறுநாள் காலை அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் லீவு போட்டு, மாமாவையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் போனார். அங்கே நடந்ததை அப்பாதான் வந்து சொன்னார். அந்த அம்மாள் காபி கொடுத்து, முழுவதையும் கேட்டாராம். மாமா காலில் விழப் போனபோது தடுத்தாராம். பிறகு சொன்னாராம்:

"குறுக்க ஓடுனத உட்ருங்க. தெரியாம ஓடுனீங்க. கை ஊனம்னுதான் பொண்ணு தரலன்னு ஊரே பேசிக்கினு இருந்தப்ப, என் புள்ள தல குனிஞ்சிக்கினு பட்டறைக்குப் போனான். அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

அப்பாவும் மாமாவும் எழுந்து வந்துவிட்டார்கள். பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்த தையில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. இப்போதும் பந்தயத்தில் ஓட்டுகிறார் என்று கேள்வி. நான் போவதில்லை. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்க ஆசை இருக்கிறது, ஆனாலும் போவதில்லை.

எனக்கு வரன் வந்தால் அப்பா இப்போது முதல் பேச்சாக இந்தக் கதையைத்தான் சொல்கிறார். ஒன்றையும் மறைப்பதில்லை. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்புறம், ஜாதகம் சேரவில்லை என்று ஆள் அனுப்புகிறார்கள்.