எங்களுக்கும் வரி போடுங்க

சொத்து வரி கட்டச் சொல்லி மகனின் போனுக்குப் போன வாரம் மெசேஜ் வந்தது. "கடைசி தேதிக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்குதும்மா" என்றான். நான் விடவில்லை. அன்றைக்கே கட்டவைத்து, ரசீதை அச்செடுத்து பீரோவில் பூட்டிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு நான் ஒரு வேடிக்கை. சிரித்துவிட்டுப் போகட்டும், வரி விஷயத்தில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

புது ஓட்டின் மேல் முதல் மழை விழும்போது ஒரு வாசனை வருமே, உங்களுக்குத் தெரியுமா? எழுபதுகளில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய புறம்போக்கில், எங்கள் வீட்டுக்கு ஓடு போட்ட வருஷம் அதை ஆசைதீர முகர்ந்தேன். நானும் வீட்டுக்காரரும் உப்பு வாரிய கூலியில் போட்ட ஓடு. மூத்தவன் அப்போது வயிற்றில். மசக்கைக்காரிக்கு மாங்காய் வேண்டியிருக்கும் என்பார்கள், எனக்கு அந்த வாசனையே போதும்.

அந்த நேரம் பார்த்து, வீட்டு வரிக்கு அளக்க வருகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. வீட்டுக்காரரின் அண்ணன் ஒன்று, என் அண்ணன் இன்னொன்று. எங்கள் கல்யாணப் பந்தியிலேயே முறைத்துக்கொண்டவர்கள்.

"ஏம்பா, குடிசைக்கு வரியே கூடாதுங்கறது எங்க கட்சி. ஓடு கண்ணுல பட்டா உன்னைய மாடி வீட்டுக்காரனோட சேத்துடுவான். எறக்கிட்டு ஓலையைப் போடு" என்றார் அவர் அண்ணன்.

"எறக்காத மாப்ள" என்றான் என் அண்ணன். "குடிசைக்கும் கொஞ்சமா வரி போட்டு நம்பர் குடுன்னுதான் எங்க கட்சி கேக்குது. பட்டா இல்லாத எடத்துல ரசீதுதான் நமக்குப் புடிப்பு. நாளைக்கு எவனாவது காலி பண்ணுன்னா எதைக் காட்டுவ?"

வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். எனக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் அவர் அண்ணன் பேச்சுதான் எடுபட்டது. ஓட்டை இறக்கினோம். உப்புக் குவியலை மழைக்கு மூடுகிற பனையோலையைக் கூரையில் போட்டோம். அளக்க வந்தவர் வாசலில் நின்றே பார்த்துவிட்டு, "குடிசை, வரி இல்ல" என்று போய்விட்டார். அவர் அண்ணன் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். நான் இறக்கிய ஓட்டையெல்லாம் துடைத்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கிவைத்தேன்.

மறு வருஷம் உப்பளத்தை அகலப்படுத்தப் போகிறோம், தெருவைக் காலி பண்ணுங்கள் என்று வந்தார்கள். வரி ரசீது காட்டியவர்களுக்கு மேட்டுப்பக்கம் மாற்று இடம். எங்கள் பேர் எதிலும் இல்லை. கைப்பிள்ளையோடு வாசலில் நின்றிருந்தேன். இரண்டு அண்ணன்களும் ஒரே சைக்கிளில் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் அண்ணன் மிதிக்க, அவர் அண்ணன் கேரியரில். பஞ்சாயத்து ஆபீஸில் கைகட்டி நின்று, "எங்களுக்கும் வரி போடுங்க சார்" என்று கெஞ்சினார்களாம்.

"வரி வேணாம்னுதாம்பா எல்லாரும் வருவாங்க" என்று சொன்னாராம் அங்கே இருந்தவர். "இப்ப போட்டாலும் செல்லாது."

இறக்கிய ஓட்டை விற்றுத்தான் திண்டிவனத்துக்கு வண்டி ஏறினோம்.

ஒரு தடவை பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தெருவே இல்லை. என் அடுப்படி எந்த இடம் என்று தேடினேன். அங்கெல்லாம் பாத்தி கட்டி உப்பு விளைந்து கிடந்தது.