கல்லல் பக்கத்துச் சிவப்பு

நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க எங்கே துளையிடலாம் என்று வரைபடம் போட்டுச் சொல்வதுதான் காரைக்குடியில் எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. பாறைப் பிளவுகள், ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். ஒருநாள் கல்லலுக்குப் பக்கத்தில் ஓர் இடம், சூடு அதிகம் என்று காட்டும் சிவப்பில் தெரிந்தது. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தச் சிவப்பு முழுவதும் ஒரே ஒரு கிணற்றின் அளவை வைத்து வந்தது. மறுநாளே பஸ் ஏறிப் போனேன். அந்தக் கிணறு இருந்த தோட்டத்துக்கார அம்மா விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“வெயில்ல கெடக்குற குழாயில மொத வர்ற தண்ணி சுடத்தான செய்யும்? செத்த நேரம் ஓடவிட்டு அளந்தீகளா?”

முன்பு வந்து அளந்தவர்கள் ஓடவிடவில்லை. நான் அரை மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டு அளந்தேன். எல்லாக் கிணற்றிலும் வருகிற சாதாரணத் தண்ணீர்தான்.

மேலாளரிடம் சொன்னேன். “முதலீடு செய்றவங்க வர்ற நேரத்துல இதைக் கிளறாதம்மா. சிவப்பு அப்படியே இருக்கட்டும்” என்றார்.

“முடியாது சார். நான் போட்ட படத்துல பொய் இருக்காது.”

“அப்ப வேற ஆளை வச்சுப் போட்டுக்கிறேன்.”

“போடுங்க. நான் அளந்ததை வர்றவங்ககிட்ட நானே சொல்வேன்.”

சொன்னேன். அவர்கள் முன்னால், அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அந்த இடத்தை அவர்கள் கைவிட்டார்கள். மேலாளர் இன்றுவரை என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.